மீட்டரோடு ஒத்துப்போகாத 15 நிமிடக் கணக்கு: ஆரல்வாய்மொழி காற்றாலை சர்வரில் நேரம் பின்தங்கிய நிகழ்வு

ஆரல்வாய்மொழி கணவாயை ஒட்டி முப்பந்தல் பக்கம் இருக்கும் ஒரு தனியார் காற்றாலைத் தொகுப்பு. ஆளுக்கு 2 மெகாவாட் வீதம் 12 காற்றாடிகள். எல்லாம் ஒரே பூலிங் சப்ஸ்டேஷனுக்கு மின்சாரம் அனுப்புகின்றன. கட்டுப்பாட்டு அறையில் ஒரு லினக்ஸ் சர்வர் 12 காற்றாடிகளின் உற்பத்தியையும் வாங்கி, வந்து சேரும் கணத்தில் தன் கடிகார நேரத்தை அதன்மேல் குத்திச் சேமிக்கிறது. நேர ஒத்திசைவுக்கு அதில் குரோனி என்ற நிரல் ஓடுகிறது. அதே குரோனிதான் காற்றாடிகளின் கன்ட்ரோலர்களுக்கும் நேரம் கொடுக்கிறது.

ஜூன் தொடக்கத்தில் புகார் வந்தது. சர்வர் தரும் 15 நிமிட உற்பத்திக் கணக்கு சப்ஸ்டேஷன் மீட்டரின் கணக்கோடு பொருந்தவில்லை. மின்தொகுப்புக் கணக்கில் ஒரு நாள் என்பது 15 நிமிடம் கொண்ட 96 பிளாக். அதில் பல பிளாக்குகளில் நூற்றுக்கணக்கான யூனிட் வித்தியாசம். ஆனால் நாள் முழுவதையும் கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. சி.டி. விகிதம் (மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கருவியின் விகிதம்) தப்பாக ஏற்றியிருக்கிறது, ஏதோ ஒரு காற்றாடியின் தரவு விட்டுவிட்டு வருகிறது என்று இரண்டு ஊகங்கள் ஓடின. விகிதம் தப்பென்றால் நாள் மொத்தமும் அதே சதவீதத்தில் தப்பியிருக்க வேண்டும். தரவு விடுபட்டால் சர்வர் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும், கூடவே வராது. இங்கே சில பிளாக்கில் கூடுதல், சில பிளாக்கில் குறைவு, மொத்தம் சரி. இப்படி வந்தால் யூனிட்டைத் தேடிப் பயனில்லை. நேரத்தைத்தான் தேட வேண்டும்.

கணக்கில் தெரியும் அறிகுறி

கடிகாரம் நான்கு நிமிடம் தப்பாக இருந்தாலும் காற்று ஒரே சீராக அடித்தால் கணக்கில் எதுவும் தெரியாது. 10:00 முதல் 10:15 வரையும் 10 மெகாவாட், 10:04 முதல் 10:19 வரையும் 10 மெகாவாட் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? உற்பத்தி ஏறும்போதும் இறங்கும்போதும்தான் குட்டு வெளிப்படும். 15 நிமிடத்தில் 6 மெகாவாட்டிலிருந்து 12 மெகாவாட்டுக்கு ஏறினால் நிமிடத்துக்கு 0.4 மெகாவாட். நான்கு நிமிடப் பிசகு சராசரியில் 1.6 மெகாவாட்டைக் கூட்டிவிடும். கால் மணி நேரத்துக்கு அது 400 யூனிட். ஜனவரி முதல் உள்ளே இருந்த கோளாறு காற்று சீசன் பிடித்த பிறகே கண்ணில் பட்டதற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பக்கம் பிசகு என்பதையும் சர்வருக்குள் நுழையாமலே சொல்லிவிடலாம். சர்வர் கடிகாரம் பின்தங்கியிருந்தால், அது 10:00 என்று நினைக்கும்போது உண்மையில் மணி 10:04. ஆகவே அதன் 10:00 பிளாக்கில் விழுவது 10:04 முதல் 10:19 வரையான உற்பத்தி. காற்று ஏறும் நேரத்தில் சர்வர் கூடுதலாகக் காட்டும், இறங்கும் நேரத்தில் குறைவாகக் காட்டும். முந்தியிருந்தால் நேர் எதிர். இங்கே ஏற்றத்தில் கூடுதல் வந்தது, ஆகவே சர்வர் பின்தங்கியிருக்கிறது. அல்லது மீட்டர் முந்தியிருக்கிறது. அந்த இரண்டாவது வாய்ப்பைக் கடைசிவரை கைவிடக் கூடாது.

கடிகாரத்தைத் தொடும் முன் கழிக்க வேண்டியவை வேறு இரண்டு உண்டு. ஒன்று, பிளாக்குக்குப் பெயர் வைக்கும் முறை. ஒரு பக்கம் தொடக்க நேரத்தையும் இன்னொரு பக்கம் முடிவு நேரத்தையும் பெயராக வைத்தால் வரிசை சரியாக ஒரு பிளாக் தள்ளி நிற்கும். இன்னொன்று நேர மண்டலம். சர்வர் உலகப் பொது நேரத்திலும் மீட்டர் இந்திய நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரம், அதாவது சரியாக 22 பிளாக் தள்ளும். இரண்டுமே முழு எண்ணில் தள்ளுபவை. சர்வர் வரிசையை முன்னும் பின்னும் நகர்த்தி மீட்டர் வரிசையோடு ஒப்பிட்டதில் எந்த முழு எண்ணிலும் பொருந்தவில்லை. அரையும் குறையுமான நகர்வு கடிகாரத்தால் மட்டுமே வரும்.

யார் கடிகாரம் தப்பு

பிசகை நொடிக் கணக்கில் அளக்க மிகச் சுலபமான வழி ஃபீடர் டிரிப், அதாவது மின்பாதை தானாகத் துண்டிக்கப்படுவது. மின்பாதை டிரிப் ஆகும் கணத்தில் உற்பத்தி ஒரே வெட்டாகப் பூஜ்ஜியத்துக்கு வரும். மீட்டரின் நிகழ்வுப் பதிவிலும் அது இருக்கும், சர்வரின் பிரேக்கர் பதிவிலும் இருக்கும். ஜூன் 3 அன்று நடந்த டிரிப் மீட்டரில் 14:32:09, சர்வரில் 14:28:07. வித்தியாசம் 242 நொடி. மார்ச் 26 அன்று நடந்த ஒரு டிரிப்பை எடுத்துப் பார்த்ததில் வித்தியாசம் 121 நொடி.

இரண்டு புள்ளி கிடைத்தால் ஒரு கோடு போடலாம். 69 நாளில் 121 நொடி கூடியிருக்கிறது, நாளுக்கு ஏறத்தாழ 1.75 நொடி. பின்னோக்கி நீட்டினால் ஜனவரி நடுவில் பூஜ்ஜியம் வருகிறது. பராமரிப்புப் பதிவேட்டில் ஜனவரி 15 அன்று இரண்டு வேலைகள் எழுதியிருந்தன: பழைய சர்வருக்குப் பதில் புதியது, அதோடு புதிய ஃபயர்வால். நாளுக்கு 1.73 நொடி என்பது 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு). ஒழுங்கில்லாமல் தன்போக்கில் ஓடும் சாதாரண மதர்போர்டு கடிகாரப் படிகத்துக்கு இது சகஜமான அளவு. புதிய சர்வரில் அன்று கையால் வைத்த நேரம் அப்படியே தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் இங்கேயே வலுத்துவிட்டது.

ஆனாலும் மீட்டரை நம்பும் முன் அதையும் சோதிக்க வேண்டும். ஒருவர் மீட்டர் பேனல் முன் நின்று திரையில் நேரம் வரும்வரை நகர்த்திவிட்டு, போனில் "அண்ணே, நிமிஷம் மாறப்போவுது... இப்ப" என்பார். மறுமுனையில் இருப்பவர் கைபேசி நேரத்தையும் சர்வர் நேரத்தையும் அதே கணத்தில் குறித்துக்கொள்வார். நொடி முன்பின் ஆகலாம், நான்கு நிமிடச் சண்டைக்கு இந்தத் துல்லியம் தாராளம். மீட்டர் கைபேசியோடு ஒத்துப்போனது. தப்பு சர்வரில்.

பச்சை விளக்கு எரிகிறது, நேரம் வரவில்லை

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் குரோனிடி' என்று அடித்தால் பச்சை எழுத்தில் 'ஆக்டிவ் (ரன்னிங்)'. பலர் இதோடு திருப்தி அடைந்து திரும்பிவிடுவார்கள். நிரல் ஓடுகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். என்டிபி (வலைவழி நேரம் வாங்கும் நெறிமுறை) சேவை 'ஆக்டிவ்' என்றிருந்தது, சிஸ்டம் கடிகாரம் ஒத்திசைந்ததா என்ற வரியில் 'நோ' என்றிருந்தது.

அடுத்து 'குரோனிசி சோர்சஸ்'. மூன்று வெளி சர்வர்களும் பட்டியலில் இருந்தன, மூன்றுக்கும் முன்னால் '^?' குறி. 'ரீச்' பத்தியில் 0, கடைசியாகப் பதில் வந்த நேரத்தின் இடத்தில் வெறும் கோடு. இந்த 'ரீச்' எண் எட்டடிமானத்தில் எழுதப்படுவது. கடைசி எட்டு கேள்விகளில் எதற்கெல்லாம் பதில் வந்தது என்பதை எட்டு பிட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் வந்தால் 377. பூஜ்ஜியம் என்றால் எட்டில் ஒன்றுக்கும் வரவில்லை. கோடு என்றால் குரோனி தொடங்கிய நாள் முதல் ஒரு பதில்கூட வந்ததில்லை.

அப்படியானால் காற்றாடிகள் ஏன் கூச்சல் போடவில்லை? வெளியே ஒத்திசையாத சர்வரிடமிருந்து கன்ட்ரோலர்கள் நேரம் வாங்காது, எச்சரிக்கை காட்டியிருக்க வேண்டும். விடை 'குரோனிசி டிராக்கிங்' கட்டளையில் இருந்தது. மூல அடையாளம் 7எஃப்7எஃப்0101, ஸ்ட்ராட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்ற எண்) 10. அந்த அடையாளம் 127.127.1.1 என்ற முகவரியின் பதினாறடிமான உருவம். வெளி ஆதாரம் எதுவும் இல்லை, என் கடிகாரத்தையே ஆதாரமாகக் கொடுக்கிறேன் என்று அதற்குப் பொருள். பழைய சர்வரின் அமைப்புக் கோப்பை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள், அதில் 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' என்ற வரி இருந்தது. இணையம் போனாலும் வளாகத்துக்குள் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதற்காகப் போடும் வரி. நல்ல நோக்கம்தான். ஆனால் இணைப்பு ஒரு தடவைகூட வராதபோதும் அது அதே வேலையைச் செய்யும். தொகுப்புக்குள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே தப்பான நேரத்தில் ஒற்றுமையாக ஓடினார்கள். வேறு கடிகாரத்தில் ஓடியது மீட்டர் ஒன்றுதான் என்றே அப்போது தோன்றியது.

பொட்டலம் போகிறது, திரும்பவில்லை

'பிங்' போகிறது, பெயர் முகவரியாக மாறுகிறது, இணையப் பக்கம் திறக்கிறது. இவை மூன்றும் என்டிபி பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. என்டிபி ஓடுவது யூடிபி என்ற அனுப்பு முறையின் 123ஆம் போர்ட்டில். டெல்நெட் வைத்து அதைச் சோதிக்கவும் முடியாது, டெல்நெட் ஓடுவது டிசிபி என்ற வேறு முறையில். கம்பியில் காது வைப்பதுதான் வழி. 'டிசிபிடம்ப்' நிரலை யூடிபி 123க்கு மட்டும் வடிகட்டி ஓடவிட்டால், வெளியே போகும் ஒவ்வொரு கேள்வியும் 48 பைட் 'கிளையன்ட்' பொட்டலமாகத் தெரியும். பதில் வந்தால் அதன் அடியிலேயே 48 பைட் 'சர்வர்' பொட்டலம். இங்கே கேள்விகள் வரிசையாகப் போயின, பதில் ஒன்றும் இல்லை.

ஃபயர்வாலில் விதி இருந்தது. பெயரும் 'என்டிபி' என்றே இருந்தது. உள்ளே திறந்து பார்த்தால் கையால் உருவாக்கிய அந்தச் சேவைக்கு டிசிபி 123 என்று கொடுத்திருந்தார்கள். விதிகளின் பட்டியலில் பெயர் மட்டுமே தெரிவதால் எத்தனை பேர் பார்த்தாலும் சரியாகத்தான் தோன்றும். யூடிபிக்கு மாற்ற வேண்டும், வெளியே போகும் திசைக்கு மட்டும். பதில் பொட்டலத்தை நிலையறியும் ஃபயர்வால் தானே உள்ளே விடும். உள்நோக்கி 123ஐத் திறந்து வைப்பது வீண் வம்பு. 2013–14இல் நடந்த பெருக்கத் தாக்குதல்கள் (சிறு கேள்விக்கு வரும் பெரிய பதிலை இன்னொருவர்மேல் திருப்பிவிடுபவை) அப்படித் திறந்து கிடந்த பழைய என்டிபி சர்வர்கள் வழியாகத்தான் நடந்தன.

விதி சரியாக இருந்தும் பதில் வராத இடங்களும் உண்டு. அந்தத் தாக்குதல்களுக்குப் பிறகு சில இணைய நிறுவனங்கள் மூல போர்ட்டும் 123ஆக இருக்கும் பொட்டலங்களைத் தடுக்கின்றன. பழைய 'என்டிபிடி' 123இலிருந்தே கேட்கும், மாட்டிக்கொள்ளும். குரோனி இயல்பாகவே ஏதாவது ஓர் உயர் போர்ட்டிலிருந்து கேட்பதால் தப்பிவிடும், யாராவது 'அக்விசிஷன்போர்ட் 123' என்று எழுதி வைத்திருந்தால் ஒழிய.

திறக்கும் முன் நிறுத்த வேண்டும்

கோளாறு தெரிந்த உடனே ஃபயர்வாலைத் திருத்திச் சேமித்துவிடத்தான் கை போகும். போகக் கூடாது. அமைப்புக் கோப்பில் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரி இருந்தது. பிசகு ஒரு நொடிக்கு மேல் இருந்தால், முதல் மூன்று திருத்தங்களுக்குள் நேரத்தை ஒரே தாவலாகச் சரிசெய் என்று அதற்கு அர்த்தம். சாதாரணமாகச் சர்வர் எழும்போதே அந்த மூன்றும் தீர்ந்துவிடும். இந்த குரோனி ஜனவரியிலிருந்து ஒரு திருத்தம்கூடச் செய்ததில்லை, மூன்றும் செலவாகாமல் கையில் இருக்கின்றன. விதியைத் திறந்தால் சில நொடிகளில், காற்றாடிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கடிகாரம் யாரையும் கேட்காமல் நான்கு நிமிடம் தாவும்.

ஆகவே முதலில் குரோனியை நிறுத்தி, பிறகு விதியைத் திருத்தி, பிறகு அளந்தார்கள். 'குரோனிடி' நிரலைப் பெரிய 'க்யூ' தேர்வோடு ஒரு தடவை ஓட்டினால் நேரத்தைத் தொடாமல் பிசகை மட்டும் சொல்லும். சிறிய 'க்யூ' என்றால் அளந்து திருத்தியும் விடும். எழுத்தில் கவனம் வேண்டும். டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் (என்பிஎல்) சர்வரை வைத்து அளந்ததில் பிசகு 240 நொடி. மீட்டர் சொன்ன 242இல் மீதி இரண்டு நொடி மீட்டருடையது.

இனி தாவலா, தவழலா, அதாவது ஒரே அடியாக மாற்றுவதா, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதா? தவழவிட்டால் லினக்ஸில் குரோனியின் இயல்பான உச்ச வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கு. 240 நொடியைச் சரிசெய்ய 48 நிமிடம். அந்த 48 நிமிடமும் சர்வரின் நொடி உண்மை நொடியைவிடச் சிறியது. மூன்று நான்கு பிளாக்குகளின் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும், பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. வேகத்தை 500 பிபிஎம்முக்குக் கட்டினால் ஐந்தரை நாள் ஆகும். முன்னோக்கித் திருத்தும் இந்த நிகழ்வில் தாவலே மேல். எங்கே வெட்டினோம் என்பதாவது தெளிவாகத் தெரியும்.

தாவும் கணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சர்வர் நேரம் 10:58இல் தாவினால் 11:02க்குப் போகும், இரண்டு பிளாக் அடிபடும். 11:01இல் தாவினால் 11:05, அடிபடுவது ஒரே பிளாக். பிளாக் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் தரவு சேமிக்கும் சேவையை நிறுத்தி, சிறிய 'க்யூ'வோடு குரோனியை ஓட்டித் தாவவிட்டு, சேவையைத் திரும்ப எழுப்பி, கடைசியாக குரோனியை வழக்கமான சேவையாகத் தொடங்கினார்கள். அந்த ஒரு பிளாக்கின் யூனிட்டும் காற்றாடிகளின் ஓடும் கவுன்ட்டரிலிருந்து, உண்மை நேரப்படியான தொடக்கத்தையும் (சர்வரின் பழைய நேரத்தில் 10:56) முடிவையும் கழித்து எடுத்தால் சரியாக வரும். மின்திறன் மாதிரிகளைக் கூட்டி எடுத்தால் 15 நிமிடத்தில் நான்கு நிமிடம் விழுந்துவிடும்.

கடிகாரம் முந்தியிருந்து பின்னோக்கித் திருத்த வேண்டி வந்தால் கதை வேறு. ஒரே நேர முத்திரையோடு இரண்டு பதிவுகள் வரும், சில தரவுத்தளங்கள் பழையதை மேலெழுதிவிடும், சில புதியதை மறுத்துவிடும். அப்போது தவழவிடுவதோ, பிசகு தீரும்வரை சேமிப்பை நிறுத்தி வைப்பதோதான் வழி.

தொடங்கிய சில நொடிகளில் 'ரீச்' 17 ஆனது. 'ஐபர்ஸ்ட்' போட்டிருந்தால் முதல் நான்கு கேள்விகளும் அடுத்தடுத்துப் போகும், நான்கு பதில் எட்டடிமானத்தில் 17. அரை மணிக்குள் 377. ஒரு நாள் கழித்து 'குரோனிசி டிராக்கிங்' அதிர்வெண் வரியில் '20.1 பிபிஎம் ஸ்லோ' என்று காட்டியது. டிரிப் பதிவுகளை வைத்துக் காகிதத்தில் போட்ட கணக்கும் படிகத்தின் உண்மையான குணமும் ஒன்றாகவே நின்றன.

ஆதாரங்களின் எண்ணிக்கையையும் அப்போதே ஒழுங்குபடுத்தினார்கள். என்பிஎல் சர்வரோடு தேசியத் தகவல் மையத்தின் சமய்1, சமய்2, வளாகத்துக்குள் ஒரு ஜிபிஎஸ் கடிகாரம், ஆக நான்கு. 2022 ஏப்ரல் 28 அன்று வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவும் என்பிஎல் அல்லது தேசியத் தகவல் மையத்தின் சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்திசைந்தவற்றோடு நேரத்தை இணைக்கத்தான் சொல்கிறது. இரண்டு ஆதாரம் மட்டும் வைப்பது ஒன்று வைப்பதைவிட மோசம். இரண்டும் முரண்பட்டால் யார் சொல்வது சரி என்று குரோனியால் தீர்மானிக்க முடியாது. இரண்டின் மேலும் 'எக்ஸ்' போட்டுவிட்டு, பெரும்பான்மை இல்லை என்று பதிவில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடும். ஜிபிஎஸ் கடிகாரம் பழைய மாடலாக இருந்தால் தேதியையும் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 6 அன்று ஜிபிஎஸ் வார எண் 1023ஐத் தாண்டிப் பூஜ்ஜியமானபோது சரியாகக் கையாளாத கருவிகள் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் போயின.

டெல்லிக்கும் முப்பந்தலுக்கும் இடையே நேர்கோட்டிலேயே 2,200 கிலோமீட்டருக்கு மேல். ஒளியிழையில் போய்வர மட்டுமே 22 மில்லி நொடி, நடைமுறையில் இன்னும் கூட. நேரப் பிசகின் உச்ச வரம்பு அந்தப் போக்குவரத்துத் தாமதத்தில் பாதி. 15 நிமிடக் கணக்குக்கு இதைப் பற்றி விவாதிப்பதே நேர விரயம்.

மூன்று காற்றாடிகள்

சர்வர் சரியானதும் கன்ட்ரோலர்களும் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியாது. பல மாடல்கள் நாளுக்கு ஒரு தடவைதான் நேரம் கேட்கும். ஒரு நாள் விட்டு சர்வரில் ரூட் உரிமையோடு 'குரோனிசி கிளையன்ட்ஸ்' என்று அடித்ததில் ஒன்பது முகவரிகள்தான் வந்தன. பட்டியலில் இல்லாத மூன்று கன்ட்ரோலர்களிலும் பழைய சர்வரின் முகவரியே கிடந்தது. அவை ஐந்து மாதமாக யாரிடமும் நேரம் வாங்காமல் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கின்றன, ஒன்று முந்தியும் இரண்டு பின்தங்கியும். உற்பத்திக் கணக்குக்கு சர்வரின் முத்திரையே போவதால் அதில் பாதிப்பில்லை. ஆனால் அவற்றின் பிழைப் பதிவுகளை வைத்து எது முதலில் டிரிப் ஆனது என்று வரிசை கட்டியிருந்தால் அந்த வரிசை செல்லாது. முகவரி மாற்றியதும் மூன்றும் பட்டியலுக்கு வந்தன.

பழைய தரவும் இனிமேல் எச்சரிக்கையும்

ஜனவரி 15 முதல் சேர்ந்த தரவை, நிமிடத் தரவு அழியாமல் இருந்ததால் மீட்க முடிந்தது. ஒவ்வொரு நாளின் தரவுக்கும் அந்த நாளுக்குரிய நொடியைக் கூட்டி மறுபடி பிளாக் பிரித்தார்கள். ஜனவரி 15, மார்ச் 26, ஜூன் 3 மூன்றும் ஒரே கோட்டில் விழுந்ததால் இது செல்லும். இடையில் சர்வர் மறுதொடக்கம் ஆகியிருந்தால் அது வன்பொருள் கடிகாரத்திலிருந்து நேரத்தை எடுத்திருக்கும், கோடு அந்த இடத்தில் முறிந்திருக்கும். ஒத்திசையாத நிலையில் அந்த வன்பொருள் கடிகாரத்தையும் யாரும் திருத்துவதில்லை. 15 நிமிடத் தொகை மட்டும் வைத்திருந்தால் இந்த வேலை நடக்காது. பில் மீட்டர்படிதான் என்பதால் அதில் மாற்றமில்லை. காற்று முன்கணிப்பு மாடலுக்குக் கொடுத்த தரவை மட்டும் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது.

'லோக்கல்' வரியை எடுக்கவில்லை. இணையம் அறுந்தால் வளாகம் ஒன்றாக ஓட அது வேண்டும். அது ஓடுகிறது என்பதை ஆளுக்குச் சொல்ல மட்டும் வழி செய்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'குரோனிசி வெயிட்சிங்க் 1 1' ஓடுகிறது: ஒரு முயற்சி, ஒரு நொடிக்குள் பிசகு. சர்வர் தன் கடிகாரத்தையே ஆதாரமாக வைத்திருந்தால் அதை இந்தக் கட்டளை ஒத்திசைவாக ஏற்பதில்லை, பிழைக் குறியோடு திரும்பும். தொடர்ந்து ஆறு தடவை பிழை வந்தால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்பு வரியும், பணியில் இருப்பவருக்கு எஸ்எம்எஸ்ஸும் போகும். ஒன்றிரண்டு பிழைக்கே எஸ்எம்எஸ் அனுப்பினால், இணைப்பு அடிக்கடி அறுந்து சேரும் அந்தப் பகுதியில் ஒரு வாரத்துக்குள் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.